எட்டுப் புள்ளிக் கணக்கு

பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. படித்தவர்களிடம் டி.எஸ்.பி. என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த வார்த்தை ‘பட்டர்ஃப்ளை’யாகத்தான் இருக்கும். எட்டு எண்களைக் கொடுத்து எஃப்.எஃப்.டி. காணச் சொல்வார்கள். பட்டாம்பூச்சி போலக் குறுக்கே வெட்டிக்கொள்ளும் கோடுகளை மூன்று கட்டங்களாக வரைந்துகொண்டே போக வேண்டும். முதல் கட்டத்தில் ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டால், பிழை கடைசி வரை கூடவே வரும்.

டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங் என்ற இந்தப் பாடம் அளப்பதில் தொடங்குகிறது. குரலும் இதயத் துடிப்பும் விட்டுவிடாமல் ஏறி இறங்குபவை. கணினிக்கோ எண்கள்தான் வேண்டும். எனவே சீரான இடைவெளியில் அளக்கிறோம். சாதாரணத் தொலைபேசியில் நொடிக்கு 8,000 முறை, இசை சி.டி.யில் 44,100 முறை. சிக்னலில் உள்ள மிகப் பெரிய அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கு மேல் அளந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. மீறினால்? நொடிக்கு 8,000 முறை மட்டும் அளந்தால், 5,000 ஹெர்ட்ஸ் ஒலி 3,000 ஹெர்ட்ஸாக வேஷம் கட்டிக்கொண்டு வரும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதும் இதே கோளாறுதான். எண்ணாக்கிய பிறகு அதைப் பிரித்தறிய வழியில்லை. ஆகவே அளப்பதற்கு முன்பே வடிகட்டிவிடுகிறார்கள்.

அளந்த எண்களுக்குள் எந்தெந்த அதிர்வெண்கள் இருக்கின்றன என்று பிரித்துக் காட்டுவது டி.எஃப்.டி. நேர்வழியில் 1,024 எண்களுக்குச் செய்தால் பத்து லட்சத்துக்கு மேல் பெருக்கல்கள். அதன் வேக வடிவமான எஃப்.எஃப்.டி., வரிசையை இரட்டைப்படை இடம், ஒற்றைப்படை இடம் என்று பிரித்து, பாதியை மறுபடி பாதியாக்கி, அதே வேலையை 5,120 பெருக்கல்களில் முடிக்கிறது.

1965-இல் இதை வெளியிட்டவர்கள் ஜேம்ஸ் கூலி, ஜான் டூக்கி. பின்னணியில் இருந்தது பனிப்போர். சோவியத் நாட்டின் நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளை நில அதிர்வுப் பதிவுகளிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். டூக்கியின் யோசனையைக் கண்ட இயற்பியலாளர் ரிச்சர்ட் கார்வின், ஐ.பி.எம்.மில் இருந்த கூலியிடம் நிரல் எழுதச் சொன்னார். ஹீலியம் படிகம் பற்றிய ஆராய்ச்சிக்காக என்று காரணம் சொல்லி வைத்தார். வேடிக்கை என்னவென்றால், குறுங்கோள்களின் பாதையைக் கணிக்க கணித மேதை காஸ் இதே உத்தியை 1805 வாக்கிலேயே எழுதி வைத்திருந்தார். அது அச்சேறியது அவர் இறந்த பிறகு, 1866-இல்.

கணினியில் ஒரே வரியில் முடியும் எட்டுப் புள்ளிக் கணக்கைக் கையால் ஏன் போட வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. போடத்தான் வேண்டும் என்பேன். நேர்வழியில் 64 பெருக்கல், படத்தில் 12. மிச்சம் எங்கிருந்து வந்தது என்பது கோடு இழுக்கும்போதுதான் பிடிபடும். என் குறையெல்லாம், விடையோடு நிறுத்திக்கொள்வதுதான். நொடிக்கு 8,000 அளவு என்றால், எக்ஸ்(0) முதல் எக்ஸ்(7) வரையிலான எட்டு விடைகளும் ஆயிரம் ஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்பவை. எக்ஸ்(3) என்பது 3,000, எக்ஸ்(5) என்பது 5,000. கொடுத்த எண்கள் மெய்யெண்களாக இருந்தால் இரண்டின் அளவும் எப்போதும் சமமாகவே வரும். ஏன் என்று வகுப்பில் யாராவது கேட்டால், மேலே சொன்ன அந்த வேஷத்தைப் பற்றி அப்போதே பேசத் தொடங்கிவிடலாம்.