கனடா செல்லும் மனைவிக்குப் பதிவுச் சான்றே துணை

புதுதில்லி: பஞ்சாபில் மணமுடித்துக் கனடா திரும்பும் கணவர், மனைவியை அழைத்துக்கொள்ள 3 ஆண்டுப் பராமரிப்புப் பொறுப்பை எழுத்துமூலம் ஏற்க வேண்டும். அந்த உறுதிமொழியும் மனைவியின் நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பமும் ஒன்றாகவே சமர்ப்பிக்கப்பட வேண்டும். கையொப்பம் விடுபட்டாலும் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும்.

திருமணப் பதிவுச் சான்றிதழ், கடவுச்சீட்டு அலுவலகம் வழங்கும் காவல்துறை நன்னடத்தைச் சான்று, மணவாழ்வு உண்மையானது என்பதற்கான புகைப்படங்கள், கடிதங்கள் ஆகியவை இன்றியமையாதவை.

எனினும், வசிப்புரிமை கிடைக்கும் முன்பு கணவர் மனம் மாறி விலகிக்கொள்ள இயலும். அப்போது மனைவியின் கையில் எஞ்சுவது பதிவுச் சான்று மட்டுமே. அனைத்துத் திருமணங்களையும் பதிவு செய்ய உச்ச நீதிமன்றம் 2006-இல் உத்தரவிட்டது. வெளிநாடுவாழ் இந்தியர் திருமணங்களை 30 நாள்களுக்குள் பதிவு செய்ய வகைசெய்யும் மசோதா 2019-இல் மாநிலங்களவைக்கு வந்தது. 2024-இல் சட்ட ஆணையமும் விரிவான சட்டத்தைப் பரிந்துரைத்தது. விமானச்சீட்டுக்கு முன்பே பதிவு முடிவது நலம்.