நீரின் நடமாட்டத்தில் தெரியும் நோய்

லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய், வெள்ளையணுக்களுள் ஒரு வகையான நிணநீரணுக்களில் தோன்றுவது. அவை கழுத்து, அக்குள், வயிறு, தொடையிடுக்கு ஆகிய இடங்களின் நிணநீர்க்கணுக்களிலும், மண்ணீரலிலும், எலும்பு மஜ்ஜையிலும் பரவியிருப்பதால், கழுத்தில் தென்படும் ஒரு கட்டியைக் கொண்டு நோயின் பரப்பை அளந்துவிட இயலாது. திசுச் சோதனையால் நோய் உறுதியானபின், அது எங்கெங்கே உள்ளது என்று வரையறுப்பதே நிலை நிர்ணயம். 1971இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் வகுக்கப்பட்டு, 2014இல் லுகானோ வகைப்பாடாகத் திருத்தம் பெற்ற முறைப்படி, ஒரே கணுத் தொகுதியில் நின்றால் முதல் நிலை. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் ஒரே பக்கத்தில் பல தொகுதிகளைப் பற்றினால் இரண்டாம் நிலை. இரு பக்கமும் இருந்தால் மூன்றாம் நிலை. மஜ்ஜை, கல்லீரல் போன்ற உறுப்புகளுக்குப் பரவினால் நான்காம் நிலை.

இதை அறிவதற்காகவே 1960, 70களில் ஹாட்ஜ்கின் வகை லிம்போமா நோயாளிகள் பலருக்கு வயிற்றைத் திறந்து மண்ணீரலை அகற்றிச் சோதித்தார்கள் என்பது இன்று நம்பக் கடினமான செய்தி. அந்தக் கத்திக்கு ஓய்வு கொடுத்தவற்றுள் முதன்மையானது சிடி ஸ்கேன். பிறகு வந்தது பெட்-சிடி. புற்றணுக்கள் சர்க்கரையை மிகுதியாக உட்கொள்ளும் இயல்பைப் பயன்படுத்தி, கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸைச் செலுத்தி, அது குவியும் இடங்களைப் படமாக்குவது பெட்-சிடி. எனினும் எல்லா லிம்போமாவும் சர்க்கரைக்கு ஒரே அளவில் ஆசைப்படுவதில்லை.

வளரும் வேகத்திலும் லிம்போமாக்கள் வேறுபடும் என்பதைச் சிங்கப்பூர் மக்கள் செய்தித்தாள் வழியாகவே அறிந்தார்கள். 1992 நவம்பரில், துணைப் பிரதமர்களாக இருந்த லீ சியன் லூங், ஓங் தெங் சியோங் இருவருக்கும் லிம்போமா இருப்பதாக ஒருசேர அறிவிக்கப்பட்டது. லீயினுடையது நடுத்தர வேகமுடையது. மருந்துச் சிகிச்சையால் அடங்கிற்று. ஓங்கினுடையது மெதுவாக வளர்வது. அதனோடே அவர் 1993 முதல் 1999 வரை அதிபராகப் பணியாற்றி, 2002இல் அந்நோயால் காலமானார். மெதுவான வகைகளுள் சில, குறிப்பாக மால்ட் எனப்படும் சவ்வுசார் லிம்போமா, பெட் படத்தில் மங்கலாகவோ தெரியாமலோ போகக்கூடும்.

முழுவுடல் எம்ஆர்ஐ பயன்படுவது இங்கேதான். அது சர்க்கரையைத் தேடாமல், திசுக்களிலுள்ள நீர் மூலக்கூறுகளின் அசைவை அளக்கிறது: அணுக்கள் நெருக்கியடித்து நிற்கும் கட்டிக்குள், தேர்த்திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்டவரைப் போல நீர் நகர இடமின்றித் தவிப்பதால், அப்பகுதி படத்தில் ஒளிர்கிறது. ஜப்பானின் தாரோ தகஹாரா குழுவினர் 2004இல், நோயாளி இயல்பாக மூச்சுவிட்டபடியே உடல் முழுவதையும் இவ்வாறு படமெடுக்கும் வழியைக் காட்டினார்கள். கதிர்வீச்சு இல்லை என்பதால் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இது பொருத்தமாகக் கருதப்படுகிறது.

குறைகளும் உண்டு. நலமான நிணநீர்க்கணுக்களும் மண்ணீரலும் இயல்பிலேயே அணு நெருக்கம் மிக்கவையாதலால் அவையும் ஒளிர்கின்றன. ஆகவே ஒளிர்வை மட்டும் நம்பாமல் கணுவின் அளவையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நீண்ட அச்சில் 1.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஐயத்துக்குரியது என்பது லுகானோ வரையறை. நுரையீரலில் காற்று நிறைந்திருப்பதால் அங்குள்ள சிறு முடிச்சுகள் சிடியில்தான் தெளிவு. குறுகிய குழாய்க்குள் அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை அசையாது கிடப்பதும் எல்லார்க்கும் எளிதன்று. எனவே சர்க்கரையை நன்கு ஏற்கும் வகைகளுக்குப் பெட்-சிடியே இன்றும் முதல் தேர்வு. எம்ஆர்ஐ அதை விரட்ட வந்ததன்று.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் ரயிலேறிச் சைனாடவுனைக் கடந்தால் அடுத்த நிலையம் ஊட்ரம் பார்க். அதனருகே, இந்தியச் சிப்பாய்களின் குடியிருப்பால் சிப்பாய் லைன்ஸ் எனப் பெயர்பெற்ற நிலத்தில், சிங்கப்பூர் பொது மருத்துவமனையும் தேசியப் புற்றுநோய் நிலையமும் உள்ளன. கிழக்காசியரிடையே கூடுதலாகக் காணப்படுவதும், மூக்கறையில் தொடங்குவதுமான என்கே/டி செல் லிம்போமா இவ்வட்டாரத்து மருத்துவர்களுக்குப் பழக்கமான நோய். எலும்புக்குள்ளும் மென்திசுவுக்குள்ளும் அது எவ்வளவு ஊடுருவியுள்ளது என்று காண, பெட்-சிடியோடு மூக்குப் பகுதி எம்ஆர்ஐயும் எடுக்கப்படுகிறது. மெதுவான லிம்போமாவில் சிகிச்சையை உடனே தொடங்காமல் ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பதும் வழக்கம். அப்போதுகூட, அறிகுறி ஏதுமில்லாதவரை நாட்காட்டி பார்த்து ஸ்கேனுக்கு அனுப்புவதைவிட, கணுவைத் தொட்டுப் பார்த்து, இரத்தத்தைச் சோதித்து, மாற்றம் தெரிந்தால் மட்டும் படமெடுப்பதே சரியென்பது பெரும்பாலான நிபுணர்களின் கருத்து.