ஓடும் குடல், நிற்கும் குடல்

பத்து வயதுப் பையன். காலையில் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றான். மாலையில் வலி அடிவயிற்றின் வலப்பக்கம் இறங்கியது. சோறு வேண்டாம் என்றான். வாந்தி எடுத்தான். உடம்பு சுட்டது.

"விளக்கெண்ணெய் கொடு. பேதி போனால் வயிறு சுத்தமாகிவிடும்" என்றார் பாட்டி.

"வேண்டாம் அத்தை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றாள் பையனின் அம்மா.

யார் சொன்னது சரி? முதலில் குடலைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

குடலின் வேலை

குடல் ஒரு நீளமான குழாய். பெரியவர்களுக்குச் சிறுகுடல் சுமார் 20 அடி நீளம் இருக்கும். பெருங்குடல் சுமார் 5 அடி இருக்கும். இந்தக் குழாயின் சுவரில் தசை இருக்கிறது.

மண்புழு நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். உடம்பைச் சுருக்கும், நீட்டும். குடல் தசையும் அப்படித்தான் சுருங்கி விரியும். அதனால் உள்ளே இருக்கும் உணவு கலக்கும், நகரும். கலக்கும்போது சத்தும் நீரும் உடம்பில் சேரும். நாம் தூங்கும்போதும் இந்த வேலை நடக்கும்.

ஓடும் குடல்

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கும், வீங்கும், வலிக்கும். இதற்கு அழற்சி என்று பெயர். குடலிலும் அழற்சி வரும். கெட்ட தண்ணீர், ஈ மொய்த்த உணவு வழியாகக் கிருமிகள் போனால் வரும்.

அப்போது தசையின் வேலை கெடும். கலக்குவது குறையும். தள்ளுவது பலமாகும். அதனால் வயிறு முறுக்கி வலிக்கும். நீர் உடம்பில் சேராமல் வெளியே ஓடும். சளியும் ரத்தமும் போகும். இதுதான் சீதபேதி.

உடனே உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கும். அதைப் படித்து அதன்படி கரையுங்கள். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ரத்தம் போனால் டாக்டரிடம் காட்டுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களே கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நிற்கும் குடல்

அழற்சி முற்றி வயிற்றுக்குள் பரவினால் தசை ஓய்ந்துவிடும். குடல் அசையாது. வயிறு உப்பும். காற்றுகூடப் பிரியாது. இது உயிருக்கு ஆபத்து.

பையனுக்கு என்ன?

பெருங்குடல் தொடங்கும் இடத்தில் விரல் போல ஒரு சிறு வால் இருக்கிறது. அதன் பெயர் குடல்வால். பையனுக்கு அதில்தான் அழற்சி. விளக்கெண்ணெய் குடல் தசையை வேகமாகச் சுருங்க வைக்கும். அதனால் வீங்கிய குடல்வால் வெடித்துவிடலாம். சீழ் வயிறு முழுவதும் பரவிவிடும்.

அம்மா சொன்னதே சரி. அன்று இரவே ஆஸ்பத்திரியில் அறுவை செய்து குடல்வாலை எடுத்தார்கள்.

மறுநாள் டாக்டர் பையனின் வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டார். "காற்று பிரிந்ததா?" என்றார். பையன் வெட்கத்துடன் தலையாட்டினான்.

"இதை எதற்குக் கேட்கிறீர்கள் ஐயா?" என்றார் பாட்டி.

"குடல் மறுபடி வேலை செய்கிறது என்று அர்த்தம், பாட்டி. இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி கொடுக்கலாம்."

பாட்டிக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

காரணம் தெரியாத வயிற்று வலிக்குப் பேதி மருந்து கொடுக்காதீர்கள். வலி விடாமல் இருந்தால், வயிறு உப்பினால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.