பெருங்காயமும் பூண்டும்: வாசத்துக்குப் பின்னே உள்ள கந்தகம்

நமது மளிகைக் கடைகளில் நூற்றுக்கணக்கான சரக்குகள் இருக்கின்றன. மூடி வைத்தாலும் தாம் இருப்பதைக் காட்டிக் கொடுப்பவை பெருங்காயமும் பூண்டும்தான். இவ்விரண்டின் வாசத்துக்கும் காரணம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வேதிப் பொருள்கள். அவற்றைப் பாலிசல்பைடு என்பார்கள். வியாபாரிக்கு வேதியியல் எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். சரக்கு கெடாமல் இருக்கவும், வாடிக்கையாளரிடம் நம் பெயர் கெடாமல் இருக்கவும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதே நமது பதில்.

கந்தகச் சங்கிலி

கந்தகம் நாமறிந்த மஞ்சள் பொருள்தான். அதன் அணுக்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாக நிற்கும். இரண்டு, மூன்று அல்லது அதற்கும் மேற்பட்ட கந்தக அணுக்கள் இப்படிச் சேர்ந்து நிற்பதே பாலிசல்பைடு. இந்தச் சங்கிலி எளிதில் அறும், எளிதில் வேறு விதமாக இணையும்.

முழுப் பூண்டில் வாசம் அதிகம் இல்லை. நசுக்கியவுடன் அதிலுள்ள அல்லீன் என்ற பொருள் ஒரு நொதியால் அல்லிசினாக மாறுகிறது. அல்லிசின் சிதைந்துதான் கந்தகச் சங்கிலிப் பொருள்கள் பிறக்கின்றன. மூட்டையை எறிந்து இறக்கினால் பூண்டு அடிபட்டு நாறுவது இதனால்தான்.

பெருங்காயமோ ஈரான், ஆப்கானிஸ்தான் பகுதிகளில் வளரும் செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால். அது உறைந்து கட்டியாகிறது. நம் நாட்டில் 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் சோதனை முறையில் நாற்று நட்டார்கள். அதன் வாசத்திலும் கந்தகச் சங்கிலிகளே முக்கியம். சூடான எண்ணெயில் போட்டதும் நெடி தணிந்து மணமாவதை வீட்டுப் பெண்மணிகள் நன்கு அறிவார்கள்.

நஷ்டம் எங்கே வருகிறது?

இப்பொருள்கள் எண்ணெய்த் தன்மை உள்ளவை, காற்றில் எளிதில் பரவுபவை. மெல்லிய பாலிதீன் பைக்குள் கட்டினாலும் அதை ஊடுருவி வெளியே வந்துவிடும். டீத்தூள் பக்கத்தில் இருந்தால் அதை இழுத்துக் கொள்ளும். வெண்ணெயும் நெய்யும் கொழுப்பானதால் இன்னும் வேகமாகப் பிடித்துக் கொள்ளும். ஒரு முறை லாரியில் பெருங்காயப் பெட்டிகளோடு ஒரே அடுக்கில் ஏற்றி வந்த டீத்தூள் சிப்பங்களை நாம் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. பார்வைக்குச் சரக்கில் ஒரு குறையும் இல்லை. டம்ளரில் ஊற்றியபோதுதான் தெரிந்தது. அந்த வாசம் வெயிலில் உலர்த்தினாலும் முழுதும் போகாது. அதைச் சில்லறையில் தள்ளினால் வாடிக்கையாளர் மறுமுறை நம் படியேற மாட்டார்.

எனவே கட்டிப் பெருங்காயத்தை இறுக மூடும் தகர டப்பாவிலோ கண்ணாடி ஜாடியிலோ வையுங்கள். கிட்டங்கியில் டீத்தூள், ரவை, மைதா, நெய் இருக்கும் பக்கம் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். பூண்டைக் காற்றோட்டமான இடத்தில் வலைப் பையில் வைத்து, அடிபட்ட பல்லை அன்றாடம் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பெருங்காயம் நிறுத்த தட்டில் வேறு சரக்கை நிறுக்க வேண்டாம்.

பெயரில் உள்ள வேறுபாடு

நாம் விற்பதில் பெரும்பகுதி கூட்டுப் பெருங்காயம். தூய பெருங்காயத்துடன் மாவும் பிசினும் சேர்த்துச் செய்வது. இதில் தவறேதும் இல்லை, சட்டமும் அனுமதிக்கிறது. ஆனால் கூட்டு என்பதைச் சொல்லாமல், தூயது என்று விலை வைப்பதுதான் தவறு. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு உண்டு. டப்பாவில் அச்சிட்டிருப்பதை வாடிக்கையாளர் கேட்டால் படித்துச் சொல்வது நம் கடமை.

கடைக்கு வெளியே

இதே சங்கிலி வேறு இடங்களிலும் உழைக்கிறது. ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டார். நம் டெம்போவின் டயர் வலுவாக இருப்பதற்கு ரப்பர் இழைகளுக்கு இடையே உள்ள இந்தக் கந்தகப் பாலங்களே காரணம்.

1926-இல் அமெரிக்காவில் ஜோசப் பேட்ரிக், நேதன் நூக்கின் என்ற இரு வேதியியலர் மலிவான உறைதடுப்பு நீர்மம் தேடியபோது, நாற்றம் வீசும் ஒரு பிசின் உண்டாகித் தொட்டியின் குழாயை அடைத்துக் கொண்டது. எதை ஊற்றியும் கரையவில்லை. எதிலும் கரையாததே அதன் சிறப்பு என்று புரிந்துகொண்டு ‘தயோகால்’ என்று பெயரிட்டார்கள். 1929-இல் அதற்குக் கம்பெனி தொடங்கியவர் பெவிஸ் லாங்ஸ்ட்ரெத் என்ற உப்பு வியாபாரி! பின்னர் அது விமானங்களின் எரிபொருள் தொட்டிகளில் கசிவை அடைக்கப் பயன்பட்டது.

சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துக் காய்ச்சிய திரவம் பழத்தோட்டங்களில் பூஞ்சண நோய்க்குத் தெளிக்கப்படுகிறது. அதுவும் பாலிசல்பைடுதான். உரக்கடையும் மளிகையும் சேர்த்து நடத்தும் அன்பர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கழிப்பறை ஆசிட்டுக்குப் பக்கத்தில் அதை வைக்கவே வேண்டாம். இரண்டும் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கிளம்பும். அது உயிரையே வாங்கும். சரக்கு அடுக்கும் பையன்களிடம் இன்றே இதைச் சொல்லி வையுங்கள்.