விதவை வென்ற தொகுதி

சுட்டவனே வழக்கறிஞர் இடத்தில் நின்று, குண்டடிபட்டுப் பிழைத்தவர்களைக் குறுக்கு விசாரணை செய்த கொடுமையைக் கேள்விப்பட்டதுண்டா, சகோதரிகளே? 1995இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் அது நடந்தது. சட்டம் அதற்கு இடமளித்தது என்பதுதான் வேதனை!

1993 டிசம்பர் 7 மாலை. பணி முடிந்து இல்லம் திரும்புவோர் நிறைந்த லாங் ஐலண்ட் ரயிலில் அவன் கைத்துப்பாக்கியால் சுட்டதில் 6 பேர் மாண்டனர். 19 பேர் காயமுற்றனர். மாண்டவருள் ஒருவர் கரோலின் மெக்கார்த்தியின் கணவர். தலையில் குண்டு பாய்ந்த மகன் உயிர் பிழைத்தார். ஆனால் உடலின் ஒரு பகுதி செயலிழந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். மீண்டும் தோட்டா நிரப்ப அவன் சுடுவதை நிறுத்திய இடைவெளியில்தான் பயணிகள் மூவர் அவனை மடக்கினர். ஒரு தடவையில் எத்தனை தோட்டா அடைக்கலாம் என்பது உயிர்க் கணக்கன்றோ? பத்துக்கு மேற்பட்ட தோட்டா கொள்ளும் புதிய பெட்டிகளையும், போர்முறைத் துப்பாக்கிகளையும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது.

1996 மார்ச்சில் அத்தடையை நீக்கக் கோரிய மசோதாவுக்குக் கரோலினின் தொகுதி உறுப்பினரே வாக்களித்தார். செவிலியராகப் பணிபுரிந்த, அரசியல் அனுபவமற்ற அப்பெண்மணி அவருடைய குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர்தாம். ஆயினும் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்று, அவ்வாண்டு நவம்பரிலேயே அவரைத் தோற்கடித்தார்.

பதினெட்டு ஆண்டுகள் சபையில் இருந்தார். வர்ஜீனியா பல்கலைக்கழகமொன்றில் 32 பேர் கொல்லப்பட்ட பின்னர், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணிப் பதிவேடுகளைச் சீர்செய்ய அவர் கொணர்ந்த மசோதா 2008 ஜனவரியில் சட்டமாயிற்று. 1994ஆம் ஆண்டுத் தடையோ 2004இல் காலாவதியாயிற்று. 2015 ஜனவரியில் அவர் பதவி விட்டு விலகும்வரை அது மீண்டும் வரவில்லை.