மிதக்கும் வீட்டுக்கு மனை எங்கே?

வீடு கட்ட நினைக்கிறவன் முதலில் மனை தேடுகிறான். மனை மேடா, பள்ளமா, மழைத் தண்ணீர் தேங்குமா, பத்திரத்தில் வில்லங்கம் உண்டா என்றெல்லாம் பத்துப் பேரை விசாரிக்கிறான். அதன் பிறகே செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் போகிறான். ஆனால் படகையே வீடாக்கிக்கொள்ள விரும்புகிறவர்களில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிவிடுகிறார்கள். முதலில் படகை வாங்குகிறார்கள். தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றுகிறார்கள். கரையிலிருந்த வீட்டைக் காலி செய்கிறார்கள். அதற்கப்புறந்தான், "இதை எங்கே நிறுத்துவது?" என்ற யோசனை வருகிறது. கடல் இவ்வளவு பெரிதாயிற்றே, அதில் ஒரு மூலை நமக்குக் கிடைக்காதா என்பது அவர்களுடைய எண்ணம்.

கிடைக்கிறதா, இல்லையா என்பதற்கு அமெரிக்காவின் மேல் கரையிலுள்ள ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தைக் காட்டிலும் நல்ல உதாரணம் அகப்படுவது அரிது. வீட்டு வாடகை மிகவும் அதிகமான நகரங்களுள் அதுவும் ஒன்று. நகருக்கு எதிரே, பொன்வாயில் பாலத்தைத் தாண்டி, குன்றின் சரிவில் ஸாஸலிட்டோ என்னும் சிற்றூர் இருக்கிறது. அதன் காலடியில் கிடப்பது ரிச்சர்ட்ஸன் வளைகுடா. 1822-ஆம் வருஷம் திமிங்கில வேட்டைக் கப்பலில் வந்து இறங்கி, அங்கேயே தங்கிவிட்ட ஓர் ஆங்கில மாலுமியின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. வாடகை கொடுத்து அலுத்தவர்களுடைய கண்கள் அந்த நீர்ப்பரப்பின் மேல் விழுவதில் வியப்பில்லை.

ஏழடிக் கணக்கு

பாய்மரப் படகு வாங்குகிறவர் அதன் நீளத்தையும் அறைகளின் ஸௌகரியத்தையும் பார்க்கிறார். அது நீருக்குள் எத்தனை அடி அமிழ்ந்து நிற்கிறது என்பதைக் கேட்பதில்லை. பாயில் அடிக்கும் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளும், கவிழ்க்கவும் பார்க்கும். அதை எதிர்த்து நிற்பதற்காகவே, ஈயமோ இரும்போ வார்த்த கனமான அடிக்கட்டை ஒன்று படகின் வயிற்றுக்குக் கீழே நீண்டிருக்கிறது. ஆழ்கடலில் உயிரைக் காப்பது அந்த அடிக்கட்டைதான். கரையோரம் வந்ததும் அதே அடிக்கட்டை காலை வாருகிறது.

நாற்பதடி நீளமும் ஏழடி அமிழ்வும் உள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். எட்டடி ஆழமுள்ள இடத்தில் இதை நிறுத்தலாம் அல்லவா? நிறுத்தலாகாது. கடற் படத்தில் அச்சிட்டிருக்கும் ஆழம் எந்த நேரத்து ஆழம் என்று முதலில் கேட்க வேண்டும். அந்தக் கரையில் கடல் பெரும்பாலும் தினம் இரண்டு தடவை பெருகி, இரண்டு தடவை வற்றுகிறது. இரண்டு வற்றும் ஒன்றுபோல் இருப்பதில்லை; ஒன்று மற்றதைவிடத் தாழ்வானது. அப்படித் தாழ்ந்த வற்றுக்களின் சராசரியை வைத்தே அமெரிக்கக் கடற் படங்களில் ஆழம் குறிக்கிறார்கள். சராசரி என்றால் அதற்குக் கீழே இறங்கும் நாட்களும் உண்டு என்றுதானே அர்த்தம்? ஜூன் மாதத்து அதிகாலைகளிலும் டிசம்பர் மாதத்து மாலைகளிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அந்தக் கோட்டுக்கும் ஒன்றரை அடி கீழே போய்விடுவதுண்டு.

ஆகவே படகுக்கு ஏழடி, அபூர்வமான வற்றுக்கு இரண்டடி, அலையில் படகு மேலும் கீழும் ஆடுவதற்கு இரண்டடி. ஆகமொத்தம் படத்தில் 11 அடியாவது போட்டிருந்தால்தான் அது நமக்கு ஏற்ற இடம். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்ற பழமொழி இந்தப் படகுக்காகவே பிறந்ததோ என்று தோன்றுகிறது! தட்டையான அடியுள்ள தோணி தரை தட்டினால் சேற்றில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். ஆழ்ந்த அடிக்கட்டை உள்ள படகோ தண்ணீர் வடிய வடிய ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடும். அடுத்த பெருக்கு வரும்போது படகு நிமிர்வதற்கு முன் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டால், வீடும் போயிற்று, வீட்டிலிருந்த சாமானும் போயிற்று.

ரிச்சர்ட்ஸன் வளைகுடாவைப் பார்ப்பவர்களுக்கு அது பெரிய ஏரியைப் போல் தோன்றும். அதன் வடமேற்குப் பாகம் வற்றுக் காலத்தில் சேறாகவே வெளிப்பட்டுவிடும். மற்ற இடங்களிலும் பெரும்பாலும் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஜலம் நிற்பதில்லை. பதினோரடி வேண்டுமென்றால் வளைகுடாவின் வாயை நோக்கித் தெற்கேதான் போக வேண்டும்.

சங்கிலியின் சுற்று

நங்கூரம் தன் கனத்தினால் படகைப் பிடித்து வைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தரையில் கொழுவைப்போல் ஆழப் புதைவதாலேயே பிடிக்கிறது. அப்படிப் புதைய வேண்டுமானால் சங்கிலி அதை மேல்நோக்கி இழுக்காமல், தரையோடு தரையாகக் கிடந்து இழுக்க வேண்டும். அதனால் ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் சங்கிலி விடுவது வழக்கம். ஆழம் என்பது இங்கே பெருக்கு நேரத்து ஆழம். நீர்மட்டத்துக்கு மேல் படகின் முகப்பு இருக்கும் உயரத்தையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

நம் படகுக்குக் கணக்குப் போடுவோம். படத்தில் 11 அடி, பெருக்குக்கு 6 அடி, முகப்புக்கு 4 அடி: மொத்தம் 21 அடி. ஏழு மடங்கு என்றால் 147 அடிச் சங்கிலி. காற்றும் நீரோட்டமும் திசை மாறும்போதெல்லாம் படகு நங்கூரத்தை மையமாக வைத்துச் சுற்றும். சங்கிலியோடு படகின் நீளத்தையும் சேர்த்தால், அது சுற்றிவரும் வட்டம் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் ஆகிறது! நாற்பதடிப் படகில் மூன்று சிறு அறைகளே இருக்கின்றன. அந்தச் சின்னக் குடிசைக்கு இரண்டரை ஏக்கர் தோட்டம். இந்த வட்டத்துக்குள் பாறையோ, மேடோ, அண்டை வீட்டுக்காரருடைய படகோ இருக்கலாகாது. கடல் பெரிதுதான், ஆனால் இப்படிப் பங்கு போட்டால் ஒரு வளைகுடா எத்தனை குடும்பங்களுக்குக் காணும்?

காற்று வரும் திசை

ஆழமும் அகலமும் கிடைத்துவிட்டால் போதாது. வேனிற் காலத்துப் பிற்பகல்களில் மேல்காற்று பொன்வாயிலின் வழியே புகுந்து, ஸாஸலிட்டோக் குன்றுகளிலிருந்து சரிந்து விழுகிறது. அந்தக் காற்றுக்குப் பழகிவிடலாம். பயப்பட வேண்டியது குளிர்காலத்துப் புயலுக்குத்தான். அது தென்கிழக்கிலிருந்து வருகிறது. வளைகுடா வாயைத் திறந்துகொண்டிருப்பதும் அந்தத் திசையை நோக்கித்தான். புயலில் நங்கூரம் பெயர்ந்து, படகுகள் எதிர்க்கரையில் மோதுவது பல குளிர்காலங்களில் நடந்திருக்கிறது.

இதில் ஒரு சங்கடத்தைக் கவனிக்க வேண்டும். ஆழமில்லாத படகு வைத்திருப்பவர் உட்புறமாகப் போய் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆழமான படகு வைத்திருப்பவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஆழம் உள்ள இடத்தில் ஒதுக்கம் இல்லை. ஒதுக்கம் உள்ள இடத்தில் ஆழம் இல்லை.

கடற்புல்லின் வழக்கு

அந்த வளைகுடாவின் ஆழமில்லாத பாகங்களில் நாடாவைப் போன்ற நீண்ட கடற்புல் வளர்கிறது. நம் சாளை மீனின் இனத்தைச் சேர்ந்த ஹெர்ரிங் மீன்கள் குளிர்காலத்தில் கூட்டங்கூட்டமாக வந்து அந்தப் புல்லில் முட்டையிடுகின்றன. அந்த முட்டைகளையும் மீன்களையும் நம்பிப் பறவைகளும் நீர்நாய்களும் வருகின்றன. நாள் முழுதும் சுற்றும் படகின் சங்கிலி, அந்தப் புல்லைச் செக்குமாடு மிதித்த தடத்தைப்போல் வட்டமாக மழித்துவிடுகிறது. ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களில் அந்த மொட்டை வட்டங்களைத் தெளிவாகக் காணலாம்.

கரையில்லாக் குடிகள்

அந்தப் படகுகளில் இருந்தவர்கள் யார்? இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1942-இல், ஸாஸலிட்டோவில் கப்பல் கட்டும் தளம் ஒன்று முளைத்து, 1945-க்குள் 93 கப்பல்களைக் கடலில் இறக்கியது. யுத்தம் முடிந்து தளத்தை மூடியதும், மிச்சமாகிப்போன மிதவைகளிலும் பழைய படகுகளிலும் சித்திரக்காரர்களும் தொழிலாளிகளும் குடியேறினார்கள். காலப்போக்கில் வேறு போக்கிடம் இல்லாத ஏழைகளும் முதியவர்களும் வளைகுடாவின் நடுவே நங்கூரம் போட்டுத் தங்கலாயினர். 2016-ஆம் வருஷத்தை ஒட்டி இருநூறுக்கும் மேற்பட்ட படகுகள் அங்கே நின்றன. ஓடக்கூடியவை சில, ஓட்டை உடைசல்கள் பல.

சட்டமோ வேறு கதை சொல்லிற்று. ஸான் பிரான்ஸிஸ்கோ விரிகுடாவில் மூன்றில் ஒரு பங்கை மண்ணடித்தும் கரை போட்டும் தூர்த்துவிட்டார்கள். அதைக் கண்டு மனம் பொறாமல் 1961-இல் மூன்று பெண்மணிகள் கிளர்ச்சி தொடங்கினார்கள். அதன் பயனாக 1965-இல் விரிகுடாவைக் காக்க ஒரு சர்க்கார் கமிஷன் ஏற்பட்டது. அந்தச் சட்டத்தின்படி நெடுநாள் ஓரிடத்தில் மிதந்து நிற்கும் படகும் விரிகுடாவைத் தூர்க்கும் மண்ணுக்குச் சமானம்! படகுத் துறைகளிலும் நூற்றுக்குப் பத்து இடங்களுக்கு மேல் குடியிருப்போருக்குக் கொடுக்கலாகாது என்பது அந்தக் கமிஷனின் விதி. ரிச்சர்ட்ஸன் வளைகுடாவில் வந்து தங்கும் படகுக்கு 72 மணி நேரந்தான் கெடு.

நெடுங்காலம் இந்தக் கெடு ஏட்டளவில் இருந்தது. பிறகு அதிகாரிகள் கண்டிப்புக் காட்டினார்கள். பல படகுகளைக் கைப்பற்றி நொறுக்கினார்கள். வீடிழந்தவர்களில் சிலர் 2021-இல் ஸாஸலிட்டோப் பூங்காவில் கூடாரம் அடித்து வசித்தனர். அதே வருஷம் உள்ளூர் நிர்வாகத்துக்கும் கமிஷனுக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. புல் வளரும் வடபகுதியைப் பாதுகாப்பது, தென்பகுதியில் மட்டும் சிறிது காலம் நங்கூரமிட அனுமதிப்பது, குடியிருக்கும் படகுகள் யாவும் 2026 அக்டோபருக்குள் அகல்வது என்பவை அதன் சாரம். குடிபெயர்ந்தோருக்குக் கரையில் வீடு தேடித்தரவும் ஏற்பாடு செய்தார்கள்.

மீனுக்கும் புல்லுக்கும் பரிந்து பேசுவது நியாயமே. கதியற்ற கிழவருடைய கூரையை நொறுக்கும்போது நெஞ்சு பதறுவதும் நியாயமே. மாற்று வீட்டைக் காட்டிவிட்டுப் பழைய வீட்டில் கை வைப்பதே தர்மம் என்பது நம் அபிப்பிராயம். அந்த வரிசை தவறிய இடத்திலெல்லாம் அங்கே கண்ணீர் சிந்த நேர்ந்தது.

முதலில் செய்ய வேண்டியது

ஆகையால் படகில் குடியேற ஆசைப்படுகிறவர், கரையிலுள்ள வீட்டைக் காலி செய்வதற்கு முன்னமே நீரிலுள்ள மனையைத் தேடிவிட வேண்டும். அந்த இடத்துக்கு ஒரு சிறு தோணியில், வற்று மிகவும் தாழ்ந்த நாளாகப் பார்த்துப் போய், ஈயக் குண்டு கட்டிய கயிற்றால் ஆழத்தைத் தாமே அளக்க வேண்டும். ஒரு புள்ளியில் அளந்தால் போதாது. வட்டம் முழுதும் அளக்க வேண்டும். குண்டின் அடியில் மெழுகு தடவினால் தரை சேறா, மணலா, புல்லா என்பது தெரிந்துவிடும். படகுத் துறையில் இடம் கிடைப்பதானால், அவர்கள் சொல்லும் ஆழம் இன்றைய ஆழமா, தூர் வாரிய வருஷத்து ஆழமா என்று விசாரிக்க வேண்டும். குடிதண்ணீர் எங்கே, கழிவை எங்கே இறக்குவது, புயலன்று தோணியில் கரையேற இடமுண்டா, எத்தனை நாள் தங்கலாம் என்பவற்றையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு மூன்று இரவுகளாவது அங்கே தங்கிப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு மனம் தளராதிருந்தால் மூட்டையைக் கட்டலாம்.

இன்னும் படகு வாங்காதவராக இருந்தால் அவர் பாக்கியசாலி. இடத்தை முதலில் கண்டுபிடித்து, அந்த இடத்தின் ஆழத்துக்கு ஏற்ற படகை வாங்கிக்கொள்ளலாம். கால் அளவைப் பார்த்துச் செருப்பு வாங்குவதே உலக வழக்கம். செருப்பை வாங்கிவிட்டுக் காலைத் தேடுகிறவருக்கு ரிச்சர்ட்ஸன் வளைகுடாவின் கதை ஒரு பாடமாகட்டும்.