மைதானத்துக்கும் ஒரு பாடப்புத்தகம்

நான் படித்த பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு இரண்டு வேளை தேகப்பயிற்சிக்கென்று கால அட்டவணையில் எழுதியிருந்தது உண்மைதான்; ஆனால் பரீட்சை நெருங்கிவிட்டால் அந்த வேளைகளைக் கணக்கு வாத்தியாரோ விஞ்ஞான வாத்தியாரோ உரிமையோடு வாங்கிக்கொள்வதும், எங்கள் டிரில் மாஸ்டர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் போய் நிற்பதும் வழக்கமாயிருந்தன. பரீட்சையில்லாத பாடத்துக்குப் பரிந்து பேச யாருமில்லை. அவர் அங்கே நின்ற கோலம் இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

அதனால்தான், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் உடற்கல்வியை இயற்பியலுக்கும் பொருளாதாரத்துக்கும் சமமான விருப்பப் பாடமாக எடுத்துப் பொதுத்தேர்வு எழுதலாம் என்னும் ஏற்பாட்டைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் என் குரல் சற்று உயர்ந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பு முதல் எல்லா மாணவர்களும் கலந்துகொள்ள வேண்டிய உடற்கல்வி வேளை வேறு, 048 என்ற குறியீட்டு எண்ணுடன் விளங்கும் இந்த விருப்பப் பாடம் வேறு என்பதைப் பெற்றோர் பலர் அறியார். முன்னதற்கு வாரியத்தின் பொதுத்தேர்வு கிடையாது. பின்னதற்கு எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண், செய்முறை 30. விஞ்ஞானம், வணிகவியல், கலை ஆகிய எந்தப் பிரிவில் பயில்பவரும், தம் பள்ளி அப்பாடத்தை நடத்துமானால், ஐந்தாவது பாடமாகவோ ஆறாவது பாடமாகவோ இதை எடுத்துக்கொள்ளலாம்.

'மதிப்பெண் எளிதாகக் கிடைக்குமாமே' என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் முதலில் பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். தசைகளும் எலும்புகளும் இருதயமும் உழைப்புக்கு எவ்வாறு ஈடுகொடுக்கின்றன என்பதில் தொடங்கி, ஆகார நியமம், யோகாசனம், மனோதத்துவம், விளையாட்டில் நேரும் காயங்கள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான பயிற்சி, ஊக்கமருந்தின் கேடு எனப் பல சாஸ்திரங்கள் அதில் வந்து சங்கமிக்கின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, பதினொரு அணிகள் மோதும் நாக்-அவுட் போட்டிக்கு அட்டவணை வரைந்துகொண்டிருந்ததை ஒரு மாலைப் பொழுதில் அருகிலிருந்து பார்த்தேன். இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போனால் பதினொன்றுக்கு அடுத்து வரும் எண் பதினாறு. பதினாறில் பதினொன்று போக ஐந்து. ஆகவே ஐந்து அணிகளுக்கு முதற்சுற்றில் ஆடாமலே இரண்டாம் சுற்றுக்குப் போகும் 'பை' கிடைக்கும். மிஞ்சிய ஆறு அணிகள் மூன்று ஆட்டம் ஆட, வென்ற மூன்றும் காத்திருந்த ஐந்தும் சேர்ந்து எட்டு. மொத்தம் எத்தனை ஆட்டம் என்று நான் கேட்டபோது, அவள் எண்ணிப் பார்க்கவேயில்லை. "ஒவ்வொரு ஆட்டத்திலும் ஓர் அணி வெளியேறணும் மாமா, பத்து அணி வெளியேறினால்தானே ஒன்று மிஞ்சும், அப்போ பத்து" என்றாள். ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் மோதும் லீக் முறையானால் அதே அணிகளுக்கு 55 ஆட்டம் வேண்டும். ஒரே மைதானத்தை வைத்துக்கொண்டு அதை எத்தனை நாளில் முடிப்பது என்பதும் அவள் படித்த பாடந்தான்.

குண்டு எறிதலும் அப்படியே. எறியும் பொருள் 45 பாகைக் கோணத்தில் கிளம்பினால் அதிக தூரம் போகும் என்று இயற்பியல் புத்தகம் சொல்கிறது. ஆனால் குண்டு தரையிலிருந்து கிளம்பாமல் வீரனின் தோளுக்கு மேலிருந்து கிளம்புவதால், அவனுக்குச் சாதகமான கோணம் அதற்குக் குறைவு. சூத்திரத்தை நெட்டுருப்போட்ட மாணவன் மைதானத்தில் அதைத் தன் கையால் சோதித்தறிவதைக் காட்டிலும் சிறந்த விஞ்ஞான போதனை உண்டா? செய்முறையில் உடற்தகுதிச் சோதனை, ஒரு விளையாட்டில் தேர்ச்சி, ஆசனங்கள், பதிவேடு, வாய்மொழித் தேர்வு ஆகியவை அடங்கும்.

தேகப்பயிற்சியை முறையான கல்வியாக்கும் முயற்சி நம் சென்னைக்குப் புதிதன்று. அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில் இன்றும் நடைபெறுகிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குழுவோடும் அவர் சென்றார். மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பள்ளியில் இந்த விருப்பப் பாடத்தைப் படித்தவருக்கு பி.பி.இ.எஸ். என்னும் உடற்கல்விப் பட்டமும், பட்டத்துக்குப் பின் ஈராண்டு பி.பி.எட். படிப்பும் அந்நியமாகத் தோன்றா.

ஓர் எச்சரிக்கை அவசியம். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் வேண்டிய மூலப் பாடங்களின் இடத்தை இது நிரப்பாது. கல்லூரிகள் மதிப்பெண்ணைக் கணக்கிடும் விதமும் ஒன்றுபோல் இராது. குறித்த படிப்பை மனத்தில் வைத்திருப்பவர் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

பதினோராம் வகுப்பில் சேர்க்கப் போகும் பெற்றோர், ஆய்வுக்கூடத்தைப் பார்ப்பதுபோல் மைதானத்தையும் ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். பெண் குழந்தைகளுக்கு அங்கே நாள்தோறும் இடமும் நேரமும் உண்டா, பாடம் நடத்தத் தகுதியுள்ள ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, பரீட்சை மாதத்தில் அந்த வேளையை யார் எடுத்துக்கொள்கிறார் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.